எண்ணியவர் கையெழுத்து

தோய்துக் ஜெயித்தவற்றை அவளுடைய அண்ணன் தாகன் ஒன்றுவிடாமல் ஞாபகம் வைத்திருக்கிறார். ஏழு வயதில் மூளைக்காய்ச்சலை ஜெயித்தாள். கொர்கான் நகர ஆஸ்பத்திரியில் முப்பத்தொன்பது நாள் கிடந்து, இடது காதை அங்கேயே விட்டுவிட்டு, உயிரோடு வீடு வந்தாள். முப்பத்தோரு வயதில், குழாய் பதிக்கும் வேலைக்கென்று தெற்கே போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்ட புருஷனிடமிருந்து மகளை ஜெயித்தாள். நாற்பதாவது வயதில், கொன்பத் ஊர்க் குதிரைப் பந்தயத் திடலில், முப்பது ஆண்கள் பார்க்க ஒரு மிஷினை ஜெயித்தாள். அதே இலையுதிர் காலத்தில், வேலிக்கு உள்ளே குதிரைக்குப் பக்கத்தில் நிற்கும் இடத்தையும் ஜெயித்தாள். கடைசியாக ஒரு வசந்தத்தில், சொந்த அண்ணனிடமிருந்தே ஒரு குதிரையை ஜெயித்தாள்.

இத்தனைக்கும் அவள் பெயருக்குப் பொருள் 'நிறைந்துவிட்டது, போதும்' என்பது. தாகனுக்குப் பிறகு வரிசையாக மூன்று பெண்கள். நாலாவதும் பெண் என்று கேட்டதும் அப்பா வாயில் வந்த பெயர் அது. துர்க்மென் தெருக்களில் அந்தப் பெயரில் ஒருத்தியாவது இருப்பாள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தோய்துக்கும் எடுத்துக்கொள்ளவில்லை. அதை எழுதத்தான் அவளுக்கு நாற்பத்து மூன்று வயது வரை ஆயிற்று.

காய்ச்சலுக்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் அவளைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். வலது காதைத் திருப்பித் திருப்பிக் கேட்டாள். டீச்சருக்கு அது திமிராகத் தெரிந்தது. இரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். எண்கள் அவளோடு வீட்டுக்கு வந்தன, எழுத்துகள் வரவில்லை. தாகன் அப்போது அப்பாவின் லாயத்தில் குதிரை தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் படிப்பும் ஐந்தாம் வகுப்புதான். ஆனால் அவருக்குக் கையெழுத்து உண்டு, வால் நீண்ட கையெழுத்து. தங்கைக்குச் சொல்லிக்கொடுத்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது ரொம்பத் தாமதமாகத்தான்.

மிஷின் விஷயம் இப்படி. அந்த இலையுதிர் காலத்தில் சாரி நகரத்திலிருந்து டாக்டர் நஸ்தரன் வந்து, திடலை ஒட்டி ஓர் அறை வாடகைக்கு எடுத்தார். குதிரையை ஓடவிட்டு, நாடித் துடிப்பையும் ரத்தத்தையும் பார்த்து, அது என்ன செய்யும் என்று முன்கூட்டிச் சொல்வது அவர் வேலை. முதல் நாள் ஒரு செங்குதிரையின் மார்பில் பட்டை கட்டினார். குதிரை அசையாமல் நின்று வைக்கோல் தின்றுகொண்டிருக்கிறது. மிஷினோ தொண்ணூற்றாறு என்று காட்டுகிறது. சும்மா நிற்கும் குதிரைக்குத் தொண்ணூற்றாறா? டாக்டர் பட்டையைக் கழற்றினார், நனைத்தார், மறுபடி கட்டினார். தொண்ணூற்றாறு.

தோய்துக் அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். பானையைக் கீழே வைத்துவிட்டு, முழங்கைக்குப் பின்னால் குதிரையின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். வாய்க்குள் எண்ணினாள்.

"நாப்பத்தெட்டு," என்றாள்.

சவாரிக்காரன் பைராம் சிரித்தான். "தாகன் தங்கச்சி, இந்த மிஷின் வெளிநாட்டுலருந்து வந்தது. நீ பானையோட வந்தவ."

"பானையில போட்டதையும் எண்ணித்தான் போட்டேன். உன் பங்குக்கு ரெண்டு கறித்துண்டு. இன்னும் பேசுனா ஒண்ணு."

டாக்டர் காதில் குழாயை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஒரு முழு நிமிஷம் கேட்டார். நிமிர்ந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது. "நாற்பத்தெட்டு," என்றார். சில குதிரைகளுக்கு ஒவ்வொரு துடிப்புக்கும் மின் அலை இரண்டு முறை எழும்புமாம். மிஷின் இரண்டையும் எண்ணிவிட்டதாம். அடுத்த சனிக்கிழமை தோய்துக் அந்த அறையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

காதில் குழாய் மாட்டுவது அவளுக்கு ஒத்துவரவில்லை. இருப்பது ஒரு காது. திடலில் காற்று அடித்தால் அதுவும் போய்விடும். உள்ளங்கைக்குக் காற்று கிடையாது. மற்றவர்கள் கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்குவார்கள். அவள் முழு நிமிஷமும் எண்ணுவாள். ஐந்தைந்தாகக் கோடு போட்டு, கடைசியில் எண்ணை எழுதுவாள். தாளில் குதிரையின் பெயருக்குப் பதிலாக அதன் நெற்றியை வரைவாள்: இது நட்சத்திரம், இது நீளக்கோடு, இது வெறும் நெற்றி. டாக்டர் அதற்குப் பக்கத்தில் பெயர் எழுதிக்கொள்வார். தாளின் அடியில் 'எண்ணியவர் கையெழுத்து' என்று ஒரு வரி உண்டு. அங்கே தோய்துக் பெருவிரலை மையில் ஒற்றி வைப்பாள். மூன்று வருஷமாக நூற்றுக்கணக்கான தாள்களில் அவள் பெருவிரல்.

பயிற்சியாளர்கள் முதலில் கேலி செய்தார்கள். ஓர் ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் நடுவே கழுத்து நரம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, தசை எவ்வளவு புளித்திருக்கிறது என்று பார்ப்பது அவர்களுக்கு வேடிக்கை. "என்ன தோய்துக், தயிராயிடுச்சா? பானை கொண்டுவரவா?" என்பார்கள். டாக்டர் சொல்லும் விளக்கம் அவர்களுக்குப் பிடிபடவில்லை. தோய்துக் சொன்னது பிடிபட்டது.

"ஒரே அளவு ரொட்டிக்கு ஒரு தந்தூர் நாலு கட்டு பருத்திமார் கேக்குது, இன்னொண்ணு ஆறு கட்டு கேக்குது. எது நல்ல தந்தூர்? நெஞ்சு நிமிஷத்துக்கு இருநூறு அடிக்கறப்போ உங்க குதிரை என்ன வேகத்துல போகுது, அவ்வளவுதான் பாக்குறோம். அதே இருநூறுல வேகமா போறது நல்லது. நின்னப்புறம் சீக்கிரம் அடங்குறது ரொம்ப நல்லது."

இதைச் சொல்லும்போது தாகன் கூட்டத்தின் கடைசியில் நிற்பார். என் தங்கை என்று யாரிடமும் சொல்லமாட்டார். எல்லோருக்கும் தெரியும் என்பதே போதுமாக இருந்தது.

ஆனால் தன் குதிரைகளை அவர் அவளிடம் மனமில்லாமல்தான் கொண்டுபோவார். குதிரை தயாரா என்று பார்க்க அவர்கள் வீட்டில் வேறு வழி உண்டு. ஓட்டிக் கொண்டுவந்த சூட்டோடு, கழுத்திலிருந்து இடுப்புவரை கம்பளி நமுதாக்களை அடுக்கிப் போர்த்துவார்கள். ஐந்து, ஏழு, சில சமயம் ஒன்பது. குதிரை உள்ளே வேகும். நமுதாவை எடுத்ததும் கழுத்தில் வழியும் வேர்வையை விரலால் வழித்து நாக்கில் வைப்பார்கள். உப்புக் கரித்தால் உடம்பில் இன்னும் கழிவு இருக்கிறது. தண்ணீர் போல ருசியில்லாமல் இருந்தால் குதிரை சுத்தமாகிவிட்டது, ஓடலாம். அப்பா அப்படித்தான் ஓட்டினார். அவருடைய அப்பாவும்.

ஆறு வசந்தங்களாகத் தாகனின் லாயத்திலிருந்து ஒரு குதிரையும் முதலில் வரவில்லை. முழங்கால் வலி வந்துவிட்டது. விடியுமுன் எழுந்து வாளி தூக்கும்போது, முந்தின நாள் தூக்கிய அதே வாளி இன்னும் கையில் இருப்பது போல இருக்கும். வருஷம் பிறக்கும் நவ்ரூஸ் விருந்தில் குதிரைகளின் சொந்தக்காரர் ஹாஜி அன்னகுலி, கிண்ணத்தில் பச்சைத் தேநீரை ஊற்றிக்கொண்டே சொன்னார்:

"தாகன், நீ நல்ல மனுஷன். அத நான் எங்கயும் சொல்வேன். ஆனா இந்த வசந்தத்துலயும் ஒண்ணுமில்லன்னா மூணையும் கலாலே ஊர்ல வேற பயிற்சிக்காரன்கிட்ட அனுப்பிடுவேன். கோவிச்சுக்காத."

"கோவம் என்ன ஹாஜி," என்றார் தாகன். மூன்று குதிரையும் போய்விட்டால் லாயத்தில் வைக்கோலும் அவரும்தான் மிச்சம்.

அந்த மூன்றில் ஒன்று கரகுஷ். கறுப்பு, நெற்றியில் தேய்பிறை போல ஒரு வெள்ளை. குளிர்காலத்தில் தோய்துக் எண்ணியபோது அவனைப் போல அடங்கிய குதிரை அந்த அறைக்கே வந்ததில்லை. ஓடி நின்ற ஐந்தாவது நிமிஷம் எண்பத்துநாலு, பத்தாவது நிமிஷம் அறுபத்தாறு, பதினைந்தாவது நிமிஷம் ஐம்பத்தெட்டு. இருநூறு துடிப்பில் வினாடிக்குப் பத்து மீட்டர் எண்பது சென்டிமீட்டர். "அண்ணே, இவனக் கெடுக்காம இருந்தாப் போதும்," என்றாள். அவர் அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டார். இதுவே இப்படி என்றால், இன்னும் சுத்தம் செய்தால் எப்படி ஓடுவான் என்று. நவ்ரூஸ் முடிந்ததும் தினமும் ஒன்பது நமுதா போட்டார். உப்பு வயிற்றில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் என்று, தொட்டியில் கிடந்த உப்புக்கட்டியையும் எடுத்து ஒளித்துவைத்தார்.

ஹாஜி ஒரு நிபந்தனை வைத்திருந்தார். போன இலையுதிர் காலத்தில் அவருடைய பழுப்புப் பெட்டைக் குதிரை, தாகன் பழக்கியதுதான், எல்லைக்கோட்டைத் தாண்டி முப்பது மீட்டரில் விழுந்து செத்தது. அதற்குப் பிறகு டாக்டர் அறையின் தாள் இல்லாமல் தன் குதிரை எதுவும் ஓடாது என்று சொல்லிவிட்டார். எனவே பந்தயத்துக்கு நாலு நாள் முன்னால், திங்கட்கிழமை, விடிந்தும் விடியாமலும் கரகுஷைத் திடலுக்குக் கொண்டுபோனார்கள்.

மழை பெய்து ஓய்ந்திருந்தது. பைராம் சேணத்தில் ஏறினான். ஆயிரம் மீட்டர், நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் முன்னதைவிட வேகமாக. ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு சொட்டு ரத்தம். மூன்றாவது ஓட்டத்திலேயே டாக்டர் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். இருநூறு துடிப்பில் ஒன்பது மீட்டர் அறுபதுதான் வந்தது. நாலாவதோடு பைராம் இறங்கினான். "அண்ணே, வழக்கமா கடைசி வளைவுல என் கையப் பிச்சு எடுப்பான். இன்னிக்கு நான்தான் அவனத் தூக்கிட்டு வந்தேன்," என்றான்.

தோய்துக் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். ஐந்தாவது நிமிஷம் நூற்றெட்டு. பத்தாவது நிமிஷம் தொண்ணூற்றாறு. அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள்: குதிரையின் விலா, யாரோ உள்ளிருந்து விரலால் சுண்டுவது போல, துடித்துக்கொண்டிருந்தது.

"ஓடணும்னு துடிக்கிறான்," என்றார் தாகன்.

தோய்துக் இன்னும் நெருங்கினாள். வலது கையை நெஞ்சிலிருந்து எடுக்காமல் இடது கையை விலாவில் வைத்தாள். அப்படியே வெகுநேரம் நின்றாள். பதினைந்தாவது நிமிஷம் வந்தது.

"தொண்ணூத்திநாலு. ரெண்டும் ஒண்ணா அடிக்குது, டாக்டரம்மா. நெஞ்சு எப்ப அடிக்குதோ விலாவும் அப்பத்தான்."

டாக்டர் வந்து தொட்டுப் பார்த்தார். "தாகன், எத்தனை நமுதா போடுறீங்க?"

"எப்பவும் போடறதுதான்."

"எத்தனை?"

"ஒம்பது."

"உப்பு வைக்கிறீங்களா?"

தாகன் சேணத்தின் வாரை அவிழ்க்கக் குனிந்தார்.

வேர்வையோடு உடம்பிலிருந்த உப்பெல்லாம் போயிருக்கலாம், நரம்பு தடுமாறுகிறது, இதோடு பந்தயத்தில் விட்டால் விழலாம் என்றார் டாக்டர். உறுதியாகச் சொல்ல ரத்தத்தைக் கொர்கானுக்குக் கொண்டுபோக வேண்டும். முடிவு சனிக்கிழமைதான் வரும். வேலியருகில் குடையை ஊன்றி நின்ற ஹாஜிக்கு அது போதவில்லை.

"'இருக்கலாம்', 'விழலாம்'. வெள்ளிக்கிழமை ஓட்டம், சனிக்கிழமை பதில். என்னம்மா இது?"

"காரணத்த நான் சனிக்கிழமைதான் எழுத முடியும், ஹாஜி. ஆனா எண்ணிக்கை எண்ணிக்கைதான். பதினஞ்சாவது நிமிஷம் எண்பதுக்கு மேல போனா ஓடக்கூடாதுன்னு தாள்லயே அச்சடிச்சிருக்கு. அதுக்கு என் கையெழுத்து வேண்டாம். எண்ணினவங்க கையெழுத்து போதும்."

தாகனுக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்தது என்று பிறகு யோசித்தும் தெரியவில்லை. திடலில் அப்போது பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள்.

"யாரு கையெழுத்து? இவளா? இவ வெக்கறது ரேகை. பெருவிரல் ரேகைக்கெல்லாம் நான் குதிரைய நிறுத்தமாட்டேன்."

யாரோ சிரித்தார்கள். தோய்துக் தன் நல்ல காதை அண்ணன் பக்கம் திருப்பியிருந்தாள். ஒரு சொல்லும் தப்பியிருக்காது.

ஹாஜி வியாபாரி. பேச்சு எங்கே முடியும் என்று அவருக்குத் தெரியும். "சரி. அவ கையெழுத்தே போட்டா நிறுத்துவியா?"

"போடட்டும். போட்டா நிறுத்துறேன்."

"புதன்கிழமை அஞ்சு மணிக்குப் பந்தயத்துக்குப் பேர் கொடுக்கணும். அதுக்குள்ள தாள் வந்தா சரி. வரலன்னா ஓடும். நீங்க எல்லாரும் கேட்டீங்க." ஹாஜி குடையை மடக்கிக்கொண்டு காருக்குப் போனார்.

அன்று பிற்பகலே டாக்டர் ரத்தக் குப்பிகளோடு கொர்கானுக்குப் புறப்பட்டார். தோய்துக் திடலிலிருந்து தனியாக நடந்து வீடு போனாள். தாகன் குதிரையோடு வேறு வழியில் போனார்.

அவர் மனைவி அக்னபாத் அன்று அவருக்குப் பரிமாறினாள். ரொட்டியை அவர் முன்னால் வைத்த விதத்திலேயே விஷயம் அவள் காதுக்கு வந்துவிட்டது என்று தெரிந்தது. சாப்பிட்டு முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்தப் பானைச் சாப்பாட்ட எத்தன வருஷம் சாப்ட்டீங்க?"

செவ்வாய்க்கிழமை மாலை அவர் தங்கை வீட்டுக்குப் போனார். மகள் நர்ஸ் படிப்புக்குக் கொர்கானில். தோய்துக் தனியாக இருந்தாள். ஆளுக்கொரு தேநீர்க் குடுவை வைத்தாள். விரிப்பின் ஓரத்தில் ஒரு நோட்டு திறந்து கிடந்தது. பெரியவர்களுக்கான எழுத்தறிவு வகுப்புக்கு இரண்டு குளிர்காலம் போனவள்தான் அவள். புத்தகத்தில் எழுத்தைப் பார்த்தால் தெரியும், கை மட்டும் வராது என்பாள். நோட்டின் பக்கம் முழுக்க ஒரே சொல். மேல் வரிசையில் கோணலாக, கீழே வரவரக் கொஞ்சம் நேராக.

தாகன் அதைப் பார்க்காதது போலத் தேநீரை ஊற்றினார்.

"சனிக்கிழமை வரைக்கும் சும்மா இரு. வேற எதுவும் கேக்கல."

"சும்மா இருந்தா?"

"ரத்தம் பாத்து டாக்டரம்மா எழுதுவாங்க. உன்மேல பேச்சு வராது."

"சனிக்கிழமைக்கு முன்னாடி வெள்ளிக்கிழமை வருதே, அண்ணே."

"எனக்கும் நாள் தெரியும்."

"பழுப்புப் பெட்டைக்கும் விலா அடிச்சுது. அப்ப உங்கிட்ட வந்து சொன்னேன். 'விக்கல்'னு சொன்ன. நானும் சும்மாதான் இருந்தேன்."

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பெட்டை விழுந்தது வெயில் தாங்காமல் என்றுதான் ஆறு மாதமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். தனக்கும்.

"மூணு குதிரையும் போயிடும், தோய்துக்."

"போகும்."

"அப்புறம் நான் என்ன பண்றது?"

"தெரியல." அவள் குரலில் கோபம் இல்லை, நாள் முழுக்கப் பருத்தி எடுத்தவளின் குரல் போல இருந்தது. "அத நினைச்சு எனக்கும் தூக்கம் வரல. ஆனா தொண்ணூத்திநாலு தொண்ணூத்திநாலுதான். அத நான் எழுபதுன்னு எழுதுனா, நாளைக்கு யாரு குதிரைய எங்கிட்ட கொண்டுவருவாங்க? நீகூடக் கொண்டுவரமாட்ட."

"நான் எழுபதுன்னு எழுதச் சொன்னேனா?"

"இல்ல. நீ அப்படிச் சொல்றவன் இல்ல. அதனாலதான் தேநீர் வச்சேன்."

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. எழுந்து செருப்பைத் தேடும்போது அவள் பின்னாலிருந்து கேட்டாள்: "உன் பேருக்கு அந்த வால் எப்படி இழுக்கற?"

"எந்த வால்?"

"கடைசி எழுத்துல. கை எடுக்காம."

"பழக்கம்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

புதன்கிழமை காலை லாயத்தில் கரகுஷ் தலையைத் தொங்கப்போட்டு நின்றான். பாதி வாளித் தண்ணீர் மிச்சம். முந்தின சாயங்காலத்து நமுதாக்கள் ஈரத்தோடு கம்பியில் தொங்கின. தாகன் தங்கை வைக்கும் இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். முதலில் ஒன்றும் அகப்படவில்லை. விரல்களைத் தளர்த்தியதும் வந்தது. எண்ணினார். முப்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டார். மறுபடி ஆரம்பித்தார். மறுபடி விட்டார். மூன்றாவது தடவை முழு நிமிஷமும் எண்ணி முடித்தார்: ஐம்பத்திரண்டு. இதே குதிரை குளிர்காலத்தில் நிற்கும்போது முப்பத்தாறு என்று அவள் தாளில் எழுதியிருந்தாள், பக்கத்தில் அந்தத் தேய்பிறையை வரைந்து.

வெளியே கூட்டிவந்து மெதுவாக இரண்டு சுற்று ஓடவைத்தார். அவ்வளவு ஓட்டத்துக்கே கழுத்தில் வேர்வை வழிந்தது. விரலால் வழித்து நாக்கில் வைத்தார். உப்பு இல்லை. மழைத் தண்ணீர் போல இருந்தது. நாற்பது வருஷமாக அந்த ருசி வந்ததும் அவர் மனது நிறையும். குதிரை தயார் என்று அப்பாவைப் போல முகத்தை உயர்த்துவார். இப்போது விரலை வாயில் வைத்தபடி நின்றார். பெட்டையின் வேர்வையும் பந்தயத்துக்கு முந்தின நாள் இப்படித்தான் இருந்தது, இதைவிடச் சுத்தமாகவே.

விலாவில் கை வைத்தார். உள்ளே விரல் சுண்டியது. நெஞ்சோடு சேர்ந்து.

அவர் உள்ளே போய், மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த உப்புக்கட்டியை எடுத்துவந்து தொட்டியில் போட்டார். கரகுஷ் அதை நக்கிக்கொண்டே இருந்தான். நக்கும் சத்தம் முற்றத்தைக் கடந்து வீடு வரை கேட்டது. அக்னபாத் வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடலாம். சனிக்கிழமை ரத்த முடிவு வந்தது. டாக்டர் பயந்ததைவிட உப்பு குறைவாக இருந்தது. ஹாஜி சொன்ன சொல் மாறாமல் இரண்டு குதிரைகளைக் கலாலேக்கு அனுப்பினார். கரகுஷை அனுப்பவில்லை, ஓடாத குதிரையை அங்கே யாரும் ஏற்கவில்லை. இருபத்தாறு நாள் நமுதா இல்லாமல், உப்பும் பச்சைப் புல்லுமாகக் கிடந்த பிறகு விலா அடங்கியது. இலையுதிர் காலத்தில் ஓடி நாலாவதாக வந்தான். ஜெயிக்கவில்லை. ஆனால் நின்ற பதினைந்தாவது நிமிஷம் ஐம்பத்தாறு. தோய்துக் எண்ணினாள், தாகன் பக்கத்தில் நின்று கூடவே எண்ணினார், அவருக்கு ஐம்பத்தைந்து வந்தது. இப்போது அந்த லாயத்தில் ஒரே ஒரு குதிரைதான். வாளியின் கனம் குறையவில்லை.

அந்தப் புதன்கிழமை மாலை நாலரை மணிக்குத் திடல் அலுவலகத்தின் முன் தாழ்வாரத்தில் ஒரு மேஜை போட்டிருந்தார்கள். ஹாஜி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை சிரித்தவர்களும் வந்திருந்தார்கள். ஸ்டெப்பி புல்வெளியிலிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது.

தோய்துக் பூப்போட்ட பெரிய சால்வையில் வந்தாள், வெள்ளிக்கிழமைக்கும் கல்யாணத்துக்கும் போடுவது. கையில் டாக்டர் அறையின் தாள். எண்கள் எல்லாம் ஏற்கெனவே எழுதியிருந்தன. மூலையில் தேய்பிறை நெற்றி.

"மைப்பெட்டி கொண்டுவரலயே," என்றான் பைராம்.

"உன் மூஞ்சில பூசிட்டு மிச்சமில்ல."

ஹாஜி பேனாவை நீட்டினார். தோய்துக் மேஜைமேல் தாளை வைத்தாள். காற்று அதைத் தூக்கியது. இடது கையால் அழுத்தினாள்; மறு ஓரம் படபடத்தது. பேனா முனை வரியின்மேல் இடம் தேடியது. முப்பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து முதல்முதலாக முற்றத்தில் நடந்தபோது அவள் கால் தரையைத் தேடியது போல. அன்று அவளைப் பிடிக்கக் கை நீட்டியவர் தாகன். அப்போது அவருக்கு வயது பதினைந்து.

இப்போதும் அவருக்கு உள்ளுக்குள் ஒரு மூலையில், இவளுக்கு வராமல் போகட்டும் என்றுதான் இருந்தது. வராமல் போனால் குதிரை ஓடும். குற்றம் யார்மேலும் இல்லை. அதையும் அவர் தெரிந்துதான் மேஜையருகே போனார். உப்பு ஒட்டியிருந்த தன் கையை விரித்து, தாளின் படபடத்த ஓரத்தின் மேல் வைத்து அழுத்தினார்.

தோய்துக் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர்கள் எழுத்து ஓடும் வழக்கப்படி வலதுபக்கத்திலிருந்து தொடங்கினாள். எழுத்துக்கு எழுத்து நின்று, மூச்சு விட்டு, அடுத்ததற்குப் போனாள். ஹாஜி கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். கடைசி எழுத்தில் கை எடுக்காமல் ஒரு வால் இழுத்தாள். அது வரியைத் தாண்டி அண்ணனின் சுண்டுவிரல் வரை வந்து நின்றது. அவர் கையை நகர்த்தவில்லை.

"படிக்க முடியுதா?" என்று கேட்டாள்.

"முடியுது," என்றார் தாகன். ஹாஜியைப் பார்த்து, "கரகுஷ் ஓடல," என்றார்.

பெயருக்குக் கீழே தேதி எழுத ஓர் இடம் இருந்தது. அதற்கு அவள் தயங்கவே இல்லை. எண்கள் அவளுக்கு எப்போதும் வரும். அவர்கள் காலண்டர்படி வருஷம், மாதம், நாள் என்று எழுதினாள்: 1396/1/23.